வகுப்பறையும் நாடக அரங்கமும்

இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்து நம் மொழியை முத்தமிழ் என்று போற்றுதல் தமிழர் மரபு. விழா மேடையேறும் எவரும் இச்சொல்லை ஒருமுறையேனும் சொல்லாமல் இறங்குவதில்லை. ஆயினும் நம் மக்கள் பள்ளியிலே கற்பது இம்மூன்றில் எது என்று எண்ணிப் பார்த்தால், இயல் ஒன்றே என்பது விளங்கும். இசை காலை வணக்கப் பாட்டோடு நின்றுவிடுகிறது. நாடகமோ, ஆண்டு விழா நாளன்று மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளி. அவ்விருந்தாளிக்கு வகுப்பறையிலே நிலையான ஓர் இடம் தர வேண்டும் என்று உலகெங்கும் அறிஞர் பலர் நூறாண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வருகின்றனர். அவ்வரலாற்றையும், கடல் கடந்து இத்தீவிலே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அதனால் விளையக்கூடிய நன்மையையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழர் கண்ட நாடகமும் பிள்ளை விளையாட்டும்

நாடகக் கல்வியைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் பழைய சான்றுகளிற் சிறந்தது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. மாதவி ஐந்தாம் வயதிலே பயிற்சி தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் வயதிலே சோழன் அவையில் அரங்கேறினாள் என்று இளங்கோவடிகள் கூறுகிறார். ஆடலாசான், இசையாசான், முழவாசான், யாழாசான் முதலிய ஆசிரியர்களின் இலக்கணமும் அங்கே உண்டு. அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என்ற அளவும், மூவகைத் திரைச்சீலைகளும் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒரு கலையைக் கற்பிப்பதில் நம் முன்னோர் எத்துணை ஒழுங்கு காட்டினர் என்பதற்கு இஃதொன்றே போதும்.

ஆனால் மாதவி பெற்றது கலையையே தொழிலாகக் கொள்வோருக்கான பயிற்சி. எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய நாடகம் வேறொன்று உண்டு. அது சிற்றில் கட்டி, மணற்சோறு சமைத்து, மரப்பாவைக்கு மணம் முடிக்கும் நாடகம். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று பருவங்கள் வகுத்தபோது, விளையாட்டைக் குழந்தையின் வளர்ச்சிப் படிகளாகவே கண்டனர். இன்றும் நம் குடியிருப்பிலே மாலை வேளையில் பார்க்கலாம். ஒரு சிறுமி ஆசிரியையாகிறாள். அவள் தம்பி மாணவனாகிறான். திண்ணைத் தூண் கரும்பலகையாகிறது. அவர்களுக்கு எவரும் நடிக்கக் கற்பிக்கவில்லை. பிறர் நிலையிலே தன்னை வைத்துப் பார்த்து உலகை அறிதல் குழந்தைக்கு இயற்கை அளித்த கல்வி முறை.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே இவ்வியற்கைக்கு ஓரளவு இடம் இருந்தது. நவராத்திரிக் காலத்தில் மாணவர்கள் உபாத்தியாயருடன் வீடு வீடாகச் சென்று பாடிக் கோலாட்டமடிப்பர். பின்னர் வந்த அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் மணியும் பெஞ்சியும் பரீட்சையும் வந்தன. பிள்ளை கைகட்டி உட்கார்ந்து கேட்பதே கல்வி என்றாயிற்று.

பாலர் நாடக சபைகள்

பள்ளிக்கூடம் நாடகத்தைப் புறத்தே நிறுத்திய அக்காலத்திலேயே, நாடகம் தானே ஒரு பள்ளிக்கூடமாக மாறிய விந்தை தமிழகத்திலே நிகழ்ந்தது. அதற்கு முதல்வராக வைத்து எண்ணத் தக்கவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிலே பிறந்த அப்பெரியார், முதிர்ந்த நடிகர்கள் பாடத்தை மதியாமல் மனம் போனவாறு மேடையிலே பேசுவதைக் கண்டு வருந்தினார். சொன்ன சொல்லைப் பிழையின்றிச் சொல்ல இளம் பிள்ளைகளே ஏற்றவர் என்று துணிந்து, 1918இல் மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். ஆறு வயதுச் சிறுவனாக அதிற் சேர்ந்தவரே பிற்காலத்தில் ஔவை என்னும் சிறப்புப் பெற்ற டி. கே. சண்முகம். அவருடைய உடன்பிறந்தார் சங்கரன், முத்துசாமி, பகவதி ஆகியோரும் அச்சபையிலே வளர்ந்தவர்களே. சுவாமிகள் 1922இல் புதுச்சேரியிலே மறைந்தார். 1925இல் அச்சகோதரர்கள் மதுரை பால ஷண்முகானந்த சபையைத் தாமே தொடங்கினர்.

இதே காலத்தில் ஜெகன்னாத ஐயரின் சபை, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் மதுரை தேவி பால வினோத சங்கீத சபை, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் சபை முதலியனவும் ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்தின. எம். ஜி. ராமச்சந்திரன், பி. யு. சின்னப்பா, சிவாஜி கணேசன் போன்றோர் இச்சபைகளிலே சிறுவராகப் பயின்றவர்களே. பள்ளியிலே நெடுநாள் படிக்க வாய்ப்பில்லாத அப்பிள்ளைகள் பிற்காலத்தில் பேசிய தமிழைக் கேட்டுப் பட்டதாரிகளும் வியந்தனர். லகர ளகர ழகர வேறுபாடும், சொல்லை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தலும், நெடிய வசனத்தை மூச்சடக்கிப் பேசுதலும் அவர்களுக்கு எங்கிருந்து வந்தன? வாத்தியார் சொல்லச் சொல்ல வாய்விட்டுச் சொல்லி, உடலால் ஆடி, பொருளை உணர்ந்து பழகியதால் வந்தன.

ஆனால் வரலாற்றை எழுதுவோர் ஒரு பக்கத்தை மட்டும் காட்டல் முறையன்று. பாலர் சபைகளின் வாழ்க்கை பிள்ளைகளுக்குக் கொடியதாகவும் இருந்தது. பெற்றோரின் வறுமையே பெரும்பாலான சிறுவரை அங்கே கொண்டு சேர்த்தது. ஒப்பந்தத்திற்குக் கட்டுப்பட்டு, தாய் முகம் காணாமல், இரவிலே நடித்துப் பகலிலே பாடம் ஒப்பித்து, பிழை செய்தால் பிரம்படி பட்டு வளர்ந்தவர் பலர். குரல் உடையும் பருவம் வந்தால் வேடம் போய்விடுமோ என்ற அச்சம் வேறு. பெண் வேடத்தையும் சிறுவரே பூண்டமையால் பெண் மக்களுக்கு அங்கே இடமே இல்லை. ஒருவர் புகழ் பெற்றார் என்றால், பெயரின்றி மறைந்தவர் பலர் என்பதை நாம் மறத்தலாகாது.

கற்றோர் வளர்த்த நாடகம்

மற்றொரு புறம், கல்வி கற்றோர் நாடகத்துக்கு மதிப்பைத் தேடித் தந்தனர். 1891ஆம் ஆண்டு இவ்வகையிலே நினைவிற் கொள்ளத் தக்கது. அவ்வாண்டிலேதான் திருவனந்தபுரத்துப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே பம்மல் சம்பந்த முதலியார் சென்னையிலே சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நாடகத்தையே தொழிலாகக் கொள்ளாத வழக்கறிஞரும் உத்தியோகத்தரும் மேடையேறியது அக்காலத்திலே பெரும் புதுமை. சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் பரிதிமாற்கலைஞர் 1897இல் நாடகவியல் என்னும் இலக்கண நூலை இயற்றினார். ஈழத்தைச் சேர்ந்த விபுலானந்த அடிகளின் மதங்க சூளாமணி 1926இல் வெளிவந்தது.

இவ்விரு நெறிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். பாலர் சபை பிள்ளையின் நாவைப் பழக்கியது. ஆனால் அவனைப் பள்ளியிலிருந்து பிரித்தது. கற்றோர் சபை நாடகத்தை உயர்த்தியது. ஆனால் வகுப்பறைக்குள் அதனைக் கொண்டு வரவில்லை. வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளும், அடியும் அச்சமும் இன்றி, நடித்துக் கற்கும் மூன்றாம் நெறி ஒன்று வேண்டியிருந்தது.

பிற நாட்டார் கண்ட வழி

அம்மூன்றாம் நெறிக்கு உழைத்தவர்களுள் முன்னோடி ஒரு கிராமத்துப் பள்ளித் தலைமையாசிரியை. ஹாரியட் ஃபின்லே ஜான்சன் என்னும் அம்மையார், இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியிலுள்ள சாம்ப்டிங் என்னும் சிற்றூர்ப் பள்ளிக்கு 1897இல் பொறுப்பேற்றார். சரித்திரப் பாடத்தைப் பிள்ளைகள் தாமே நாடகமாக்கிக் கொள்ளும்படி விட்டார். பார்வையாளரைக் களிப்பித்தல் அன்று, பாடத்தைத் தமதாக்கிக் கொள்ளுதலே அங்கே நோக்கம். பின்னர் கேம்பிரிட்ஜிலுள்ள பெர்ஸ் பள்ளி ஆசிரியர் கால்ட்வெல் குக் 1917இல் விளையாட்டு வழிக் கல்வி பற்றி நூல் எழுதினார். அமெரிக்காவில் வினிஃப்ரெட் வார்டு 1930இலும், இங்கிலாந்தில் பீட்டர் ஸ்லேடு 1954இலும் குழந்தை நாடகம் பற்றிய நூல்களை வெளியிட்டனர்.

இவர்களுக்குப் பின் வந்த டாரத்தி ஹீத்கோட் அம்மையாரின் வாழ்க்கை நம் போன்ற உழைக்கும் குடும்பத்தாருக்கு ஊக்கமளிப்பது. 1926இல் யார்க்ஷயரிலே பிறந்த அவர், பதினான்காம் வயதிலேயே நெசவாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய ஆர்வத்தைக் கண்ட ஆலை முதலாளி நாடகப் பள்ளியிற் சேரப் பொருளுதவி செய்தார். பிற்காலத்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்திலே ஆசிரியர்களுக்கு ஆசிரியராக விளங்கினார். ஆசிரியர் கரும்பலகை அருகே நின்று கட்டளையிடுவதை விட்டு, தாமும் ஒரு பாத்திரமாகி மாணவருடன் கதைக்குள் நுழைய வேண்டும் என்பது அவர் காட்டிய வழி.

நம் பாரத நாட்டிலே இவ்வழியை முன்னமே கண்டவர் கவி ரவீந்திரநாத தாகூர். 1901இல் சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கிய அவர், மாணவர் நடிப்பதற்கென்றே நாடகங்கள் எழுதித் தாமும் அவர்களுடன் நடித்தார். 1912இல் வெளிவந்த அவருடைய 'அஞ்சல் நிலையம்' என்னும் நாடகம், நோயுற்றுச் சன்னலருகே அமர்ந்து வெளியுலகை நோக்கும் ஒரு சிறுவனின் கதை. போலந்து நாட்டு வார்சா நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியில், டாக்டர் யானுஷ் கோர்சாக் நடத்திய அநாதை இல்லத்துக் குழந்தைகள் 1942 ஜூலை 18ஆம் நாள் இந்நாடகத்தை நடித்தனர். மூன்று வாரங்களுக்குள் அக்குழந்தைகளும், அவர்களைப் பிரிய மறுத்த டாக்டரும், திரெப்ளிங்கா கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பசியும் சாவும் சூழ்ந்த இடத்திலும் ஒரு கல்வியாளர் பிள்ளைகளுக்கு நாடகத்தைக் கொடுத்தார் என்றால், அதனை வெறும் பொழுதுபோக்கு என்று எவ்வாறு தள்ளுவது?

ஈழத்திலும் தமிழகத்திலும்

தமிழ் கூறு நல்லுலகில் இத்துறையிலே முன்னே நடந்தவர்கள் ஈழத்தார் என்பதை நாம் மகிழ்வுடன் ஒப்ப வேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் நாட்டுக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு வந்தார். 1978இல் யாழ்ப்பாணத்திலே நாடக அரங்கக் கல்லூரி தோன்றியது. அதனைத் தோற்றுவித்த குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'கூடி விளையாடு பாப்பா' சிறுவர் நாடகத்துக்குப் புதுவழி காட்டியது. பேராசிரியர் சி. மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு' பள்ளிப் பிள்ளைகளுக்கு இனிய விருந்து. நாடகமும் அரங்கியலும் என்பது இலங்கைப் பள்ளிகளிலே பரீட்சைக்குரிய பாடமாகவே விளங்குகிறது.

தமிழகத்தில் 1977இல் காந்திகிராமத்தில் பேராசிரியர் சே. இராமானுஜம் முதலியோர் நடத்திய நாடகப் பயிற்சி முகாம் பல இளைஞரை இத்துறைக்கு ஈர்த்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தினர் பாட்டும் வீதி நாடகமுமாக ஊர் ஊராகச் சென்று எழுத்தறிவு பரப்பினர். புதுச்சேரியிலே வேலு சரவணன் ஆழி என்னும் குழுவைக் கொண்டு 'கடல் பூதம்' போன்ற நாடகங்களைப் பள்ளி பள்ளியாக நடத்திப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார். தில்லித் தேசிய நாடகப் பள்ளி 1959இல் நிறுவப்பட்டது. அதன் கிளையாகக் கல்விக்கான நாடகக் குழு 1989இல் அமைந்தது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவு, இசை, நடனம், ஓவியம், நாடகம் ஆகிய நான்கும் பள்ளிக் கல்வியின் பகுதியாதல் வேண்டும் என்றது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் கலையோடு இணைந்த கற்றலை வலியுறுத்துகிறது. ஆகவே வகுப்பறை நாடகத்துக்கு இன்று சட்டத் தடை ஏதும் இல்லை. இல்லாதது நம் முயற்சியே.

நம் தீவின் நிலை

இனி நம் வீட்டுச் செய்திக்கு வருவோம். இத்தீவுகளுக்கும் தமிழருக்கும் உள்ள உறவு பழமையானது. இராசேந்திர சோழனின் கடல் வெற்றிகளைக் கூறும் மெய்க்கீர்த்தியிலே நக்கவாரம் இடம்பெற்றிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார் நிக்கோபாரின் மூஸ் என்னும் ஊரிலே நிக்கோபாரிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர் சாலமன் என்னும் தமிழ்க் கிறித்தவத் தொண்டர். பின்னாளில் அம்மக்களின் பேராயராகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய ஜான் ரிச்சர்ட்சன் அவரிடம் பயின்றவரே. தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தோரும், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பி வந்தோரும் பிற்காலத்தில் இங்கே குடியேறினர். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்திலே உழைத்தன.

அவ்வாறு வந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று எம்மொழியிலே வாழ்கின்றனர்? 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரின் கடைத்தெருவிலே இந்தி. புத்தகத்திலே ஆங்கிலம். வீட்டிலே தமிழ், அதுவும் பெற்றோர் தமிழிற் கேட்கப் பிள்ளை இந்தியில் விடை சொல்லும் தமிழ். அயல் மொழிகளை நாம் வெறுக்கவில்லை. வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் ராஞ்சியாரும் நிக்கோபாரியும் ஒரே தெருவிலே வாழும் இடத்தில் பொதுமொழி ஒன்று வேண்டும். ஆனால் தமிழ் கேட்டால் விளங்குகிறது, பேச நா எழவில்லை என்னும் நிலை ஒரு தலைமுறையிலே வந்துவிட்டால், அடுத்த தலைமுறையிலே கேட்டாலும் விளங்காது. இதுவே நம்மை எதிர்நோக்கும் ஆபத்து.

இந்த ஆபத்துக்கு மனப்பாடம் மருந்தாகாது. ஆண்டு விழாவுக்காகப் பத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, வசனத்தை இந்தி எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் செய்கிறோம். நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைக்கே கதாநாயகன் வேடம். பேசத் தயங்கும் பிள்ளைக்கு மரமாக நிற்கும் வேடம், அல்லது பார்வையாளர் வரிசை. எவனுக்குப் பயிற்சி மிகுதியும் தேவையோ அவனே பயிற்சியின்றி நிற்கிறான். வகுப்பறை நாடகத்தில் இந்நிலை இல்லை. அங்கே திரையில்லை, ஒப்பனையில்லை, கைதட்டலுமில்லை. எல்லோரும் நடிகர், எல்லோரும் பேசுவோர்.

செய்து பார்க்கத் தக்க சில பயிற்சிகள்

தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு என்றார். "கப்பல் வந்துவிட்டது" என்ற ஒரே தொடரை இவ்வெட்டு மெய்ப்பாடுகளுடனும் பிள்ளைகள் சொல்லிப் பார்க்கட்டும். தந்தை வருகிறார் என்று சொல்லும்போது உவகை. விடுமுறை முடிந்து உறவினர் புறப்படும் கப்பலாயின் அழுகை. புயலினால் பல நாள் பிந்தி வந்ததாயின் மருட்கை. பத்து நிமிடத்தில் ஒரு வகுப்பு முழுவதும் வாய் திறந்துவிடும். தொல்காப்பியமும் கசப்பு மருந்தாகத் தோன்றாது.

அடுத்து, குடியேற்ற வரலாற்றையே எடுத்துக் கொள்ளலாம். முதல் நாள், தாத்தா பாட்டி முதன்முதல் தீவுக்கு வந்த கதையைக் கேட்டு வரும்படி பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். மறுநாள் பெஞ்சிகளை ஓரமாகத் தள்ளினால் வகுப்பறை கப்பல் தளமாகும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பயணி. ஒவ்வொருவர் கையிலும் ஊரிலிருந்து எடுத்து வந்த ஒரு பொருள், விதைநெல்லோ, அம்மிக்குழவியோ, குலதெய்வப் படமோ, இருப்பதாகப் பாவனை. ஆசிரியர் துறைமுக அதிகாரியாக வந்து, "எந்த ஊர்? ஏன் வந்தீர்கள்? இதை ஏன் எடுத்து வந்தீர்கள்?" என்று கேட்பார். எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. ஆதலால் பிள்ளை தன் சொல்லைத் தானே தேடி எடுக்க வேண்டும். இறுதியில் ஒவ்வொருவரும் ஊரிலுள்ள தாய்க்குத் தமிழிலே ஒரு கடிதம் எழுத வேண்டும். அக்கடிதமே அன்றைய கட்டுரைப் பயிற்சி.

இன்னும், தங்கள் ஊர்க் கடற்கரைக்கு முட்டையிட வரும் ஆமைகளைக் காப்பதா, அங்கே விடுதி கட்டுவதா என்று ஊர்ச்சபை கூடி விவாதிப்பதாக அறிவியற் பாடத்தை நடத்தலாம். கணக்கிலே தடுமாறும் பிள்ளையை மளிகைக் கடை முதலாளியாக்கலாம்.

நாடகத்துக்கு ஆற்றும் ஆற்றலும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் தீவுகளைச் சூறையாடியதை எவரும் மறக்கவில்லை. அதன் பின்னர் பெங்களூர் நிமான்ஸ் நிறுவனத்து மனநல மருத்துவர்கள் இங்கு வந்து, அஞ்சிய குழந்தைகளை விளையாட்டு, ஓவியம், கதை ஆகியவற்றின் வழியே பேச வைத்தனர். நேரே கேட்டால் சொல்ல முடியாத துயரத்தைப் பிள்ளை ஒரு பாத்திரத்தின் வாயிலாகச் சொல்லிவிடும். ஆனால் துயர் பட்ட பிள்ளையை நடிக்கும்படி வற்புறுத்தலாகாது. பார்த்திருக்க விரும்பினால் பார்த்திருக்க விட வேண்டும்.

பாடம் முடிக்கவே நேரம் போதவில்லையே, வகுப்பில் இரைச்சல் எழுமே, பரீட்சைக்கு இது உதவுமா என்று ஆசிரியர்கள் கேட்பர். கேள்வி நியாயமானதே. எல்லாப் பாடத்தையும் நாடகமாக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கிழமைக்கு ஒரு பாடவேளை போதும். கைதட்டினால் அனைவரும் அசையாமல் நிற்க வேண்டும் என்ற ஒரு விதியை முதல் நாளே பழக்கிவிட்டால் இரைச்சல் அடங்கும். பரீட்சையைப் பொறுத்தவரை, தானே துறைமுகத்தில் நின்று விடை சொன்ன பிள்ளை அப்பாடத்தை எளிதில் மறக்க மாட்டான்.

பள்ளி செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. சங்கக் கட்டிடத்திலே ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டலாம். வேண்டுவன ஒரு வெற்றிடமும், பொறுமையுள்ள பெரியவர் இருவரும், தம் கதையைச் சொல்ல விரும்பும் முதியோர் சிலருமே. அடுத்த ஆண்டு விழாவிலே சினிமா வசனத்தை ஒப்பிப்பதற்கு மாற்றாக, பிள்ளைகள் தாமே ஆக்கிய 'எங்கள் தாத்தா வந்த கப்பல்' அரங்கேறுமாயின் அதனினும் சிறந்த காட்சி வேறில்லை. சொல் தடுமாறலாம், இலக்கணம் வழுவலாம். ஆனால் அது அவர்கள் தேடியெடுத்த சொல். சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர் நாவிலே தமிழை நிலைநாட்ட ஊர் ஊராக அலைந்தார். நம் பிள்ளைகளோ நம் வீட்டிலேயே இருக்கின்றனர். அவர்களைப் பேச வைத்தலே இன்று நம்மேல் நிற்கும் கடன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!